அச்சுப்பொறி முதல் கணனி வரை: நாடுகடந்த பாடசாலைக் கூட்டுறவின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

ஒரு நாட்டுப் பாடசாலை மாணவர் மற்றொரு நாட்டு மாணவரோடு தொழினுட்பக் கருவிகளின் துணைகொண்டு கூடிக் கற்றல் என்பது இன்று பேசப்படும்போதெல்லாம், அது கணனியோடும் இணையத்தோடும் பிறந்த புதுமையாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. கருவி முதலில் வந்தது. அதன் பயனாகக் கூட்டுறவு பிறந்தது என்பதே இக்கொள்கையின் சாரம். வரலாற்றுச் சான்றுகளை நிரல்பட வைத்து நோக்குமிடத்து இக்கொள்கை பொருந்துவதாயில்லை. தூரத்துப் பாடசாலைகள் கூடிக் கற்பதற்கான அடிப்படை முறைகள், கணனி வகுப்பறைக்குள் நுழைவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, பிரான்சின் மலைச்சிற்றூர் ஒன்றில், கையால் இயக்கும் ஒரு சிறிய அச்சுப்பொறியையும் பொதுமக்கள் தபாற் சேவையையும் கொண்டு வகுக்கப்பட்டுவிட்டன. பின்வந்த ஒலிப்பதிவுக் கருவியும் தொலைபேசி இணைப்பும் கணனியும் அம்முறைகளுக்கு வேகத்தையும் விரிவையும் அளித்தனவேயன்றி அவற்றைப் படைத்தனவல்ல.

இம்மரபின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அதன்வழி இரு வினாக்களுக்கு விடைகாண முயல்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். எல்லை கடந்த கூட்டுறவு முயற்சிகளுள் சில வேரூன்றச் சில தொடங்கிய வேகத்திலேயே மறைந்தமைக்குக் காரணம் யாது என்பது முதல் வினா. இத்தகைய முயற்சிகளில் மாணவரின் தாய்மொழி எவ்விடத்தைப் பெற்றது என்பது இரண்டாவது. பயிற்றுமொழியினாற் பிரிந்து நிற்கும் பாடசாலைகளைக் கொண்ட நமது நாட்டுக்கு இரண்டாவது வினா முதலாவதிலும் நெருக்கமானது.

2. பிரெனேயின் அச்சுப்பொறி

செலெஸ்தென் பிரெனே 1896 ஆம் ஆண்டு தென்கிழக்குப் பிரான்சின் மலைப்பகுதியிலுள்ள கார் என்னும் ஊரிற் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே முதலாம் உலகப் போருக்கு அழைக்கப்பட்டு, 1917 இல் நுரையீரலிற் படுகாயமுற்று மீண்டார். 1920 இல் பார்-சூர்-லூ என்னும் சிற்றூரின் பாடசாலையில் ஆசிரியராக அமர்ந்தபோது, நெடுநேரம் நின்று உரத்துப் பேசிப் பாடம் நடத்துவது அவருக்கு இயலாததாயிருந்தது. ஆசிரியரின் குரலையே நடுநாயகமாகக் கொண்ட மரபுவழிக் கற்பித்தலை அவர் கைவிட நேர்ந்தமைக்கு இவ்வுடற்குறையும் ஒரு காரணம் எனக் கூறப்படுவதுண்டு. எனினும் அதனினும் ஆழமான காரணம் வேறொன்று. பாடநூல்கள் காட்டிய உலகுக்கும், ஒலிவ மரங்களுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே வாழ்ந்த அப்பிள்ளைகளின் உலகுக்கும் தொடர்பேதும் இருக்கவில்லை என்பதை அவர் கண்டார்.

1924 ஆம் ஆண்டு பிரெனே சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும் தம் சொற்களில் எழுதினர். எழுதியவற்றுள் ஒன்றை வகுப்பு வாக்கெடுப்பினாற் தெரிந்தெடுத்தது. அது கரும்பலகையில் எழுதப்பட்டு அனைவராலும் கூடித் திருத்தப்பட்டது. பின்னர் பிள்ளைகளே ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, தாளில் அச்சிட்டனர். அவ்வாறு அச்சான பக்கங்கள் நாளடைவில் ஒரு நூலாகத் திரண்டன. வாழ்க்கை நூல் என்று அது பெயர் பெற்றது.

இவ்விடத்து நமது சொந்த வரலாற்றிலிருந்து ஓர் ஒப்புமையை நினைவு கூர்தல் பொருத்தமாகும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அடுத்த ஆண்டிலேயே வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் அச்சகத்தையும் ஏற்படுத்தினார். பாடசாலையும் அச்சுப்பொறியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை உணர்ந்த தொலைநோக்கு அது. பாலபாடங்கள் அங்கிருந்தே பிள்ளைகளின் கையை அடைந்தன. அங்கே அச்சின் திசை, கற்றோரிடமிருந்து கற்போரை நோக்கியதாக இருந்தது. அக்காலத்தின் தேவையும் அதுவே. பிரெனே செய்தது அத்திசையை மாற்றியமையாகும். அவர் வகுப்பறையில் அச்சு, பிள்ளையிடமிருந்து வெளியுலகை நோக்கிச் சென்றது.

வெளியே சென்ற எழுத்துக்கு ஒரு வாசகன் வேண்டும். அவ்வாசகன் 1926 இல் நிலையாகக் கிடைத்தான். பிரான்சின் மறுகோடியில், அத்திலாந்திக் கடலோரத்து பிரெத்தாஞ் பிராந்தியத்தில், திரெகங் என்னும் ஊர்ப் பாடசாலையில் ஆசிரியராயிருந்த ரெனே தானியேல் தமது வகுப்புக்கும் ஓர் அச்சுப்பொறியைப் பெற்றுக்கொண்டு பிரெனேயோடு இணைந்தார். மலையூர்ப் பிள்ளைகள் அச்சிட்ட பக்கங்கள் கடலூருக்கும், கடலூர்ப் பிள்ளைகள் அச்சிட்டவை மலையூருக்கும் ஒழுங்காகத் தபாலிற் சென்றன. தனிப்பட்ட கடிதங்களும் ஊரின் விளைபொருட்கள் அடங்கிய பொதிகளும் உடன் சென்றன.

இவ்விணைப்பினைப் பேனா நட்பு என்று எண்ணிவிடலாகாது. இதன் அமைப்பில் மூன்று கூறுகள் சிறப்பாகக் கவனித்தற்குரியவை. முதலாவது, கூட்டுறவின் அலகு தனி மாணவன் அல்லன், இரண்டு ஆசிரியர்கள். அவ்விருவரும் எதனை, எப்பொழுது, எவ்வொழுங்கில் அனுப்புவது என்று முன்னரே உடன்பட்டிருந்தனர். இரண்டாவது, அனுப்பப்பட்டது நலம் விசாரிப்பு மட்டுமன்று. வகுப்பு கூடி உழைத்து ஆக்கிய ஒரு பொருள். மூன்றாவது, தூரத்து வாசகனின் அறியாமையே கற்றலுக்குத் தூண்டுகோலாயிற்று. ஒலிவ எண்ணெய் எடுக்கும் முறையைத் தன் ஊரில் எவருக்கும் விளக்கவேண்டிய தேவை ஒரு மலையூர்ச் சிறுவனுக்கு இல்லை. அதனை ஒருபோதும் கண்டிராத மீனவச் சிறுவனுக்கு விளக்க முற்படும்போது, அவன் தன் ஊரையே முதன்முறையாக உற்றுநோக்குகின்றான். எழுத்துப்பிழை திருத்துவதும் ஆசிரியரின் சிவப்பு மைக்கு அஞ்சிச் செய்யும் வேலையாக இராது, வாசகன் விளங்கிக்கொள்ள வேண்டுமே என்னும் அக்கறையாக மாறுகின்றது.

1927 இல் இவ்வாசிரியர்கள் தூர் நகரில் தமது முதல் மாநாட்டை நடத்தினர். பிள்ளைகளின் எழுத்துக்களைத் தாங்கிய பொது இதழொன்றும் அவ்வாண்டில் வெளிவரத் தொடங்கிற்று. இயக்கம் பிரான்சின் எல்லையைக் கடந்து பெல்ஜியம், ஸ்பெயின் முதலிய நாடுகளுக்குப் பரவியது. வேற்றுமொழிப் பாடசாலைகளுடன் தொடர்புகொள்ள எஸ்பரான்டோ என்னும் ஆக்கமொழியைச் சிலர் கையாண்டனர். எவருடைய தாய்மொழியும் மற்றவர் மீது மேலாண்மை செலுத்தாதிருக்கவேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அம்மொழி பரவவில்லை, எனினும் அது எழுப்பிய மொழிச் சமத்துவப் பிரச்சினை மறைந்துவிடவில்லை.

3. அச்சமும் அடக்குமுறையும்

பிள்ளைகளின் எழுத்து ஊரெல்லையைத் தாண்டியபோது, அது ஆபத்தானதாகவும் கருதப்பட்டது. 1928 இல் சென்-போல் என்னும் ஊருக்கு மாற்றலாகிச் சென்ற பிரெனே, 1932 இன் இறுதியில் அங்கே பலத்த எதிர்ப்பைச் சந்தித்தார். அவருக்கெதிரான சுவரொட்டிகள் ஊரில் ஒட்டப்பட்டன. ஒரு பிள்ளை தான் கண்ட கனவினை எழுதி அச்சிட்ட பக்கமே குற்றப்பத்திரமாயிற்று. அக்கனவில் ஊர்த் தலைவர் கொல்லப்படுகின்றார். வலதுசாரிப் பத்திரிகைகள் இதனைத் தேசியப் பிரச்சினையாக்கின. ஈற்றில் பிரெனே அரசாங்கப் பாடசாலையை விட்டு நீங்கி, 1935 இல் வாஞ்சு நகரருகே தமது சொந்தப் பாடசாலையை நிறுவ நேர்ந்தது. 1940 இல் அவர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்.

ஸ்பெயினில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. கத்தலோனியாவின் கடலோர மாவட்டமாகிய தராகோனாவிற் பிறந்த அந்தோனி பெனாய்ஜெஸ் என்னும் இளம் ஆசிரியர், 1934 இல் பூர்கோஸ் மாகாணத்தின் பான்யுவேலோஸ் தே புரேபா என்னும் வறிய உள்நாட்டுக் கிராமத்திற் பணியேற்றார். தமது சொந்தப் பணத்தில் ஓர் அச்சுப்பொறியை வாங்கி, பிரெனேயின் முறையைக் கையாண்டார். அவர் மாணவர் ஆக்கிய சிறு அச்சேடுகள் ஏனைய பாடசாலைகளுக்குச் சென்றன. அங்கிருந்தும் ஏடுகள் வந்தன. 1936 சனவரியில் அவர்கள் வெளியிட்ட ஏடு கடலைப் பற்றியது. அதனை ஒருபோதும் கண்டிராத பிள்ளைகள், கடல் எவ்வாறு இருக்கும் எனத் தாம் எண்ணியதை அதில் எழுதினர். அவர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்வதாக ஆசிரியர் வாக்களித்திருந்தார்.

அவ்வாக்கு நிறைவேறவில்லை. 1936 சூலையில் இராணுவக் கிளர்ச்சி வெடித்த சில நாட்களுள் பெனாய்ஜெஸ் கைதுசெய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஏடுகளும் அழிக்கப்பட்டன, மறைத்து வைக்கப்பட்ட சில பிரதிகளே எஞ்சின. குடியரசு வீழ்ச்சியுற்ற பின் அதே இயக்கத்தைச் சேர்ந்த ஆசிரியர் பலர் நாட்டை விட்டு ஓடினர். அவர்களுள் ஒருவரான பத்ரிசியோ ரெதொந்தோ 1940 இல் மெக்சிக்கோவின் சான் அந்திரெஸ் துக்ஸ்த்லா நகரில் பிரெனேயின் பெயரிலேயே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். நாடுகடந்த கூட்டுறவாகத் தொடங்கிய முறை, நாடுகடத்தப்பட்டவர்களின் வாயிலாக அத்திலாந்திக்கையும் கடந்தது.

இந்நிகழ்ச்சிகளை இரக்கத்துக்காக மட்டும் நாம் நினைவுகூர்வதில்லை. ஒரு சிற்றூர்ப் பிள்ளை தன் சொற்களில் எழுதியதைத் தூரத்து அந்நியர் படிப்பர் என்ற நிலை தோன்றும்போது, அப்பிள்ளையைப் பற்றியும் அவ்வூரைப் பற்றியும் பேசும் உரிமை அதிகாரத்திலிருப்போரின் தனியுடைமையாக இருப்பது முடிவடைகின்றது. பாடசாலைக் கூட்டுறவை இனிய பொழுதுபோக்காக மட்டும் காண்போர் அதன் இவ்வியல்பினைக் கவனிப்பதில்லை. அதனை எதிர்த்தோர் நன்கு கவனித்திருந்தனர்.

4. கருவிகள் மாறிய காலம்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இயக்கம் புத்துயிர் பெற்றது. 1957 இல் பல நாட்டு ஆசிரியர் அமைப்புகள் இணைந்து ஒரு சர்வதேச சம்மேளனத்தை உருவாக்கின. அச்சுப்பொறியின்மேல் பக்திகொண்டு அதிலேயே தங்கிவிடாது, தோன்றிய ஒவ்வொரு கருவியையும் இவ்வாசிரியர்கள் சோதித்துப் பார்த்தமை குறிப்பிடத்தக்கது. ஒலிப்பதிவுக் கருவி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், பியர் கெரென் முதலியோர் பிள்ளைகளின் குரலையே ஒலிநாடாவிற் பதிந்து தூரத்து வகுப்புகளுக்கு அனுப்பும் முறையை வளர்த்தனர். அச்சு மறைத்துவிடும் உச்சரிப்பும் சிரிப்பும் தயக்கமும் ஒலிநாடாவில் தபாலேறின. 1980 களில் தொலைபேசிக் கம்பியூடாக இயங்கிய மினிடெல் என்னும் சாதனம் பிரான்சில் வீடுதோறும் பரவியபோது, அதனையும் அவர்கள் வகுப்பறைக்குட் கொண்டுவந்தனர். பிரெனே 1966 இல் மறைந்தார். முறை கருவியிலிருந்து கருவிக்குக் கடந்து சென்றது.

அதே காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிற் சிறிய கணனிகள் பாடசாலைகளை அடைந்தன. அங்கே தோன்றிய வலையமைப்புகள் சில மிகவும் எளிய வசதிகளையே நம்பியிருந்தன. கலிபோர்ணியாவின் சான் டியாகோவில் ஆசிரியரான அல் றொஜர்ஸ் உருவாக்கிய இலவசக் கல்வி அஞ்சல் அமைப்பில், பாடசாலைகளிலிருந்த அப்பிள் கணனிகள் தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு வேளையில் ஒன்றையொன்று அழைத்து, பகலிற் சேர்ந்த செய்திகளைப் பரிமாறிக்கொண்டன. நொடிப்பொழுதில் மறுமொழி பெறும் இன்றைய நிலையோடு ஒப்பிடின் இது மந்தமானது. தபாலோடு ஒப்பிடின் வியப்புக்குரியது.

வேகம் வந்தவுடன் வெற்றியும் வந்துவிடவில்லை. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1980 களின் முற்பகுதியில் இயங்கிய பண்பாட்டிடைக் கற்றல் வலையமைப்பில் ஈடுபட்ட மார்கரெட் றியல், ஜேம்ஸ் லெவின் ஆகியோர், கல்விக்கென நிறுவப்பட்ட கணனி வலையமைப்புகள் எவ்வாறு வளர்ந்தன, எவ்வாறு தேய்ந்தன என்பதை ஒப்பிட்டு ஆராய்ந்து 1990 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கணனியை இணைத்துவிட்டு, மாணவர் தாமாகவே பேசிக்கொள்வர் என்று விட்டுவிட்ட இடங்களில் தொடர்புகள் விரைவிலேயே வறண்டன. உன் பெயர் என்ன, உனக்குப் பிடித்த விளையாட்டு எது என்ற வினாக்களுக்கு விடை கிடைத்த பின் பேசுவதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. கூடிச் செய்யவேண்டிய ஒரு பணியும், அதற்கொரு கால எல்லையும், பொறுப்பேற்று நடத்தும் ஒருவரும் இருந்த இடங்களிலேயே கூட்டுறவு நிலைத்தது. பிரெனேயும் தானியேலும் அச்சுப்பொறியைக் கொண்டு அனுபவத்திற் கண்டதனையே இவ்வாராய்ச்சி கணனியின் காலத்தில் மீண்டும் நிறுவியது எனலாம்.

லெவின் நடத்திய நண்பகல் அவதானிப்புத் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெவ்வேறு அகலக்கோடுகளில் அமைந்த பாடசாலைகளின் மாணவர், குறித்த நாளில் நண்பகலின்போது ஒரு கோலின் நிழலை அளந்தனர். அளவுகளைக் கணனி வழியே பரிமாறி, இரு இடங்களிலும் சூரிய கதிர் விழும் கோணங்களின் வேறுபாட்டையும், அவ்விடங்களுக்கு இடையிலான வடக்குத் தெற்குத் தூரத்தையும் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தனர். ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எரதோஸ்தெனீசு எகிப்தில் கையாண்ட முறை இது. இதனை ஒரு பாடசாலை தனித்துச் செய்தல் இயலாது. வேறோர் அகலக்கோட்டிலுள்ள பாடசாலை அளக்காவிடின் தன் அளவினாற் பயனில்லை. தூரம் இங்கே கருவியால் வெல்லப்படவேண்டிய தடையாக இல்லை. கணக்கின் ஓர் உறுப்பாகவே அமைந்துவிடுகின்றது. தூரம் அவ்வாறு உறுப்பாகாத திட்டங்களை அடுத்த தெருப் பாடசாலையோடு செய்தாலும் விளைவு ஒன்றுதான்.

5. கரையிலிருந்து கரைக்கு

பிரெனேயின் மரபும் கணனியும் வெளிப்படையாகச் சந்தித்த இடம் 1985 இல் தொடங்கிய ‘தே ஓரியா ஆ ஓரியா’ என்னும் வலையமைப்பாகும். கரையிலிருந்து கரைக்கு என்பது அந்த ஸ்பானியத் தொடரின் பொருள். டெனிஸ் சேயர்ஸ், கிறிஸ்டின் பிறவுண், புவேட்டோ ரிக்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எனித் பிகரோவா ஆகியோர் இதனை நிறுவினர். பிரெனேயின் எழுத்துக்களை நன்கு கற்றிருந்த சேயர்ஸ், அவருடைய அமைப்பையே பின்பற்றினார். தனித்தனி மாணவர்களை இணைக்காது வகுப்புகளைச் சகோதர வகுப்புகளாக்கினர். இரண்டு ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டனர். கணனிச் செய்தியோடு நிழற்படம், ஒலிநாடா, ஊர்ப்பொருள் அடங்கிய பொதிகளும் தபாலிற் சென்றன.

இதன் சிறப்பு மொழி பற்றியது. புவேட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட, ஸ்பானிய மொழி வழங்கும் தீவு. அங்கிருந்து நியூ இங்கிலாந்து நகரங்களுக்குத் தொழில் தேடிக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள், ஆங்கிலப் பாடசாலைகளில் தம் தாய்மொழியை ஒரு குறைபாடாகவே உணருமாறு வளர்ந்தனர். வீட்டில் அம்மொழி தேய்ந்தது. பாட்டன் பாட்டியரோடு பேசும் மொழியை இழந்துகொண்டிருந்த பிள்ளைகளும் இருந்தனர். இந்நிலையில், தீவிலுள்ள சகோதர வகுப்பு ஸ்பானிய மொழியில் எழுதி மறுமொழி எதிர்பார்த்தபோது வகுப்பறையின் மதிப்பீடுகள் மாறின. அண்மையிற் குடிபெயர்ந்து வந்த, ஆங்கிலம் தடுமாறும் மாணவனே அக்கடிதத்துக்கு மறுமொழி எழுத மிகவும் தகுதியுடையவனானான். நேற்றுவரை பின்வரிசையில் அமர்ந்தவனிடம் மற்றவர் சொல் கேட்க வந்தனர்.

பழமொழிகளைத் திரட்டும் திட்டமும் இவ்வலையமைப்பிற் சிறப்புப் பெற்றது. பழமொழி பாடநூலிற் கிடைப்பதன்று. பெற்றோரிடமும் மூத்தோரிடமும் கேட்டுப் பெறுதற்குரியது. எழுத்தறிவு குறைந்த ஒரு தாயும் தன் பிள்ளையின் பாடசாலை வேலைக்கு அறிவு வழங்கக் கூடியவளாக இதன்மூலம் மதிக்கப்பட்டாள். திரட்டியவற்றை மாணவர் தூரத்து வகுப்பின் பழமொழிகளோடு ஒப்பிட்டனர். அவற்றுள் மறைந்திருந்த, பெண்களை இழிவுபடுத்தும் கருத்துக்களையும் இனக்காழ்ப்பையும் எடுத்து விவாதிக்கவும் வழி பிறந்தது. மரபைப் பேணுதலும் அதனை வினாவுக்குட்படுத்தலும் ஒரே பணியில் இணைந்தமை இத்திட்டத்தின் முதிர்ச்சியைக் காட்டுகின்றது.

6. பனிப்போரின் எல்லையில்

1988 இல் நிறுவப்பட்ட நியூயோர்க் மாநில–மொஸ்கோ பாடசாலைகள் தொலைத்தொடர்புத் திட்டம் வேறொரு சூழலிற் பிறந்தது. பீற்றர் கோப்பென் என்னும் அமெரிக்கரின் முன்முயற்சியில், நியூயோர்க் மாநிலக் கல்வித் திணைக்களமும் சோவியத் விஞ்ஞானக் கழகமும் ஒத்துழைக்க, இரு பக்கத்திலும் 12 பாடசாலைகள் இணைக்கப்பட்டன. கணனி அஞ்சலோடு, தொலைபேசிக் கம்பி வழியே அசையாப் படத்தை மெதுவாக அனுப்பும் படத்தொலைபேசியும் பயன்பட்டது. இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று நோக்கி அணுவாயுதங்களை நிறுத்தியிருந்த காலம் அது. எதிரி நாடு என்று கேட்டு வளர்ந்த நாட்டின் மாணவன் முகம், திரையில் வரிவரியாகத் தோன்றியது.

இந்த இரு நாட்டு முயற்சி 1990 களின் தொடக்கத்தில் வேறு நாடுகளுக்கும் விரிந்து, ஐ-ஏர்ன் என்று சுருக்கமாக வழங்கும் சர்வதேசக் கல்வி வலையமைப்பாக உருப்பெற்றது. 1994 இல் ஆர்ஜென்டீனாவின் புவேட்டோ மட்றின் நகரிற் கூடிய மாநாட்டில் அதற்கு ஓர் அமைப்புவிதி வகுக்கப்பட்டது. ஓரியா வலையமைப்பும், றியல் உருவாக்கிய கற்றல் வட்டம் என்னும் முறையும் காலப்போக்கில் இதனோடு இணைந்தன. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இவ்வமைப்பு பரவியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் தொடங்கிய ஈ-ருவினிங் திட்டமும், இரண்டு நாட்டு ஆசிரியர்கள் உடன்பட்டுத் திட்டம் ஒன்றை வகுத்துப் பதிதலையே தன் தொடக்க நிலையாகக் கொண்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின்னரும், அலகு இரண்டு ஆசிரியர்களாகவே இருந்தமை நோக்கற்பாலது.

எனினும் இவ்விரிவு ஒரு விலையையும் கேட்டது. பல நாட்டார் கூடுமிடத்துப் பொதுமொழி ஆங்கிலமாயிற்று. எஸ்பரான்டோவைக் கையாண்டோர் தவிர்க்க விரும்பிய நிலை இது. பன்மொழித் திட்டங்கள் இல்லாமலில்லை. ஆயினும் ஆங்கிலம் நன்கறிந்த நகர்ப்புற மாணவர் முன்வரிசையிலும், ஏனையோர் பார்வையாளராகவும் அமையும் நிலை எளிதில் ஏற்படுகின்றது. கருவி இல்லாமையைக் காட்டிலும் இது நுண்ணியதும் காண அரிதானதுமான ஏற்றத்தாழ்வாகும்.

7. முடிவுரை

முதலில் எழுப்பிய வினாக்களுக்கு இப்போது விடை கூறலாம். கூடிச் செய்யும் பணியும், உடன்பட்ட இரண்டு ஆசிரியர்களும், தூரத்தை அவசியமாக்கும் ஒரு நோக்கமும் இருந்த முயற்சிகள் கருவி மாறியும் நிலைத்தன. கருவியை மட்டும் நம்பியவை அக்கருவி பழையதானதும் மறைந்தன. மொழியைப் பொறுத்தவரை, பிள்ளையின் தாய்மொழிக்கு மறுகரையில் வாசகர் இருந்தபோது அம்மொழி மதிப்புப் பெற்றது. பொதுமொழி ஒன்றே ஆட்சிசெய்த இடங்களில் சிலரே பேசினர்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நமது நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. சமிக்ஞை தேடி மேட்டு நிலங்களுக்கு ஏறிய பிள்ளைகளும், வீட்டில் ஒரு தொலைபேசியும் இல்லாத பிள்ளைகளும் இருந்தனர். அவ்வேளை ஆசிரியர் பலர் பெருமுயற்சி செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் கருவியிற் சென்றவை பெரும்பாலும் குறிப்புகளும் வினாத்தாள்களுமே. அச்சின் பழைய திசையிலேயே, கற்றோரிடமிருந்து கற்போரை நோக்கியே, புதிய கருவியும் இயங்கியது. பிள்ளையின் எழுத்து வெளியே செல்லவில்லை.

நாடுகடந்த கூட்டுறவு நமது மாணவருக்கும் வேண்டற்பாலதே. ஆனால் நமக்குக் கரைகள் நாட்டுக்கு வெளியில் மட்டும் இல்லை. ஒரே மாவட்டத்திற் பிறந்த தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் பதின்மூன்று ஆண்டுகள் வெவ்வேறு மொழிப் பாடசாலைகளிற் கற்று, முதன்முறையாகப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் அருகருகே அமர்வது அரிதான நிகழ்ச்சியன்று. அப்போதும் அவர்கள் இருவருக்கும் அன்னியமான மூன்றாவது மொழியிலேயே பேசத் தொடங்குகின்றனர். ஒரு தமிழ்மொழிப் பாடசாலையும் ஒரு சிங்களமொழிப் பாடசாலையும் தத்தம் ஊரின் பழமொழிகளைத் தத்தம் மொழியில் எழுதி, மற்றவர் மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரின் துணையோடு பொருளறிந்து பரிமாறிக்கொள்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இரண்டாம் மொழி இரு பக்கத்திலும் ஏற்கெனவே ஒரு பாடமாகவுள்ளது. அதற்கு இல்லாதது மறுகரையில் ஒரு வாசகனே. அவ்வாசகன் கிடைப்பின், பரீட்சைக்காக மனனம் செய்யப்படும் அம்மொழி, தனக்கு வந்த கடிதத்தைப் படிப்பதற்கான மொழியாகும்.

பார்-சூர்-லூவின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஒரு சிறிய அச்சுப்பொறி மாத்திரமே. நமது கிராமப் பாடசாலைகள் பலவற்றில் அதனினும் ஆற்றல் மிக்க கருவிகள் இன்று உள்ளன. உடன்பட்டுத் தொடங்குவதற்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். நாளை பாடசாலைகளுக்கு ஆசிரியராகச் செல்லவிருக்கும் கலைப்பீட மாணவராகிய நம்முள் இருந்தே அவர்கள் தோன்றுதல் கூடும்.